உரிமை வழக்குகளில் வாதம் எப்படி நடக்கும்? சினிமாவில் வருவது போலவா?

அடிப்படை உரிமை பாதிக்கப்பட்ட வழக்குகளில் வக்கீல்கள் எப்படி வாதாடுகிறார்கள், சினிமாவில் வருவது போலத்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். உயர் நீதிமன்றத்தில் பதினோரு வருடங்களாகக் கறுப்புக் கோட்டோடு காத்துக்கிடப்பவன் சொல்கிறேன்: இல்லவே இல்லை.

ரிட் வழக்கில், அதாவது அரசின் நடவடிக்கையை எதிர்த்து நேராக உயர் நீதிமன்றத்தில் போடும் வழக்கில், பெரும்பாலும் சாட்சிக்கே வேலை கிடையாது. எல்லாம் காகிதம்தான்: மனுதாரரின் பிரமாணப் பத்திரம், அரசின் பதில் மனு, ஆவணத் தொகுப்பு. நாம் எழுந்து இரண்டு வாக்கியம் பேசுவதற்குள் நீதிபதியின் மேடையிலிருந்து கேள்வி வந்து விழும். அதற்குச் சொல்லும் பதில்தான் வாதம். கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்த உரை மடித்தபடியே வீடு திரும்பும்.

நெருக்கடி நிலைக் காலத்தில் உச்ச நீதிமன்றம் விசாரித்த ஜபல்பூர் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். விசாரணையின்றிச் சிறையில் இருப்பவர்கள் தங்களை அடைத்தது சட்டப்படி சரியா என்று பார்க்கச் சொல்லி நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட முடியுமா என்பதுதான் பிரச்சினை. முடியாது என்றார் அரசுத் தரப்பில் வாதாடிய அட்டர்னி ஜெனரல் நிரேன் டே. உயிரையும் தனிமனிதச் சுதந்திரத்தையும் காக்கும் அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவில் உயிரும் அடக்கமாயிற்றே, ஒரு போலீஸ் அதிகாரி சொந்தப் பகைக்காக ஒருவரைக் கொன்றுவிட்டால் நிவாரணம் உண்டா என்று கேட்டார் நீதிபதி எச்.ஆர்.கன்னா. தன் வாதத்தின்படி, நெருக்கடி நிலை நீடிக்கும்வரை இல்லை என்றார் டே. 1976 ஏப்ரலில் நான்கு நீதிபதிகளுக்கு ஒருவர் என்ற கணக்கில் அரசு ஜெயித்தது. அந்த ஒருவர் கன்னா. அந்தத் தீர்ப்பை 2017-இல் அந்தரங்க உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றமே தவறென்று தள்ளியது.

அரசியல் சட்டத்தை நாடாளுமன்றம் எதுவரை திருத்தலாம் என்று முடிவு செய்த கேசவானந்த பாரதி வழக்கை 13 நீதிபதிகள் 68 நாட்கள் கேட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். எங்கள் பிழைப்பு அப்படி இல்லை. விசாரணையின்றி அடைத்துவைக்கும் குண்டர் சட்ட வழக்கு ஒன்றுக்குப் பத்து நிமிடம் கிடைத்தால் அன்று நரி முகத்தில் விழித்திருக்கிறோம் என்று பொருள்.

அந்தப் பத்து நிமிடத்தில் குற்றம் செய்தாரா இல்லையா என்று யாரும் பேசுவதில்லை. கேள்வி வேறு: ஒருவரை ஓராண்டு வரை அடைத்துவைக்க உத்தரவு போடும்போது, அதற்கு அடிப்படையான ஆவணங்களை அவருக்குப் புரியும் மொழியில், படிக்கும்படியாகக் கொடுத்தீர்களா? அதைப் படித்தால்தானே அவர் அரசுக்கு முறையீடு எழுத முடியும்? அரசியல் சட்டத்தின் 22(5) பிரிவு கொடுக்கும் உரிமை அது.

ஒரு வழக்கில் என் கட்சிக்காரர் ஓர் அம்மா. மகன் உள்ளே இருந்தான். "தொகுப்பில் 63-ஆம் பக்கத்தைப் படிக்க முடியவில்லை" என்றேன். நகலின் நகலின் நகல். வெள்ளைத் தாளில் சாம்பல் அப்பியது போல இருந்தது. அது அவ்வளவு முக்கியமான ஆவணம் அல்ல என்றார் அரசு வக்கீல். இரண்டு நீதிபதிகளில் மூத்தவர் தாளை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். பிறகு அதை அரசு வக்கீலிடமே நீட்டி, "நீங்கள் வாசித்துக் காட்டுங்கள், முக்கியமா இல்லையா என்று பார்க்கலாம்" என்றார். அவர் கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார். ஒரு தேதி மட்டும் தட்டுப்பட்டது. உத்தரவு ரத்து.

இதையெல்லாம் நுணுக்கத்தைப் பிடித்துத் தப்பிப்பது என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. விசாரணையே இல்லாமல் அடைக்கும் அதிகாரத்தைக் கையில் வைத்திருப்பவர்கள் நகலையாவது ஒழுங்காக எடுக்கலாம். என் வருத்தமெல்லாம், அந்த மனு விசாரணைக்கு வருவதற்குள் ஐந்து மாதம் ஓடிவிட்டதே என்பதுதான்.

வெளியே வராந்தாவில் அந்த அம்மா கேட்டார்: "தம்பி, அந்தத் தாளில் அப்படி என்னதான் எழுதியிருந்தது?" எனக்கும் தெரியாது என்றேன். அவர் நம்பவில்லை.