தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்குப் போன முன்னோரின் வாரிசுகளை இப்போது கண்டுபிடிக்க முடியுமா?

கேள்வியின் சுருக்கம்: கொள்ளுத்தாத்தாவின் அண்ணன் முனுசாமி, போளூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து 1890 வாக்கில் "நட்டாலுக்கு"க் கப்பலேறியதாக வீட்டில் பேச்சு. கடிதமோ போட்டோவோ கிடையாது. அவர் வழிவந்தவர்களைத் தேட எங்கே தொடங்குவது?

தேடலாம், பலருக்குக் கிடைத்தும் இருக்கிறது. ஆனால் "முனுசாமி" என்ற பெயரைக் கையில் வைத்துக்கொண்டு தேடாதீர்கள். நேட்டால் கப்பல் பட்டியலில் முனுசாமிகள் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள். இந்தத் தேடலில் உங்களுக்குக் கைகொடுக்கப் போவது ஊர்ப் பெயர். அதைக் கொண்டு நீங்கள் பிடிக்க வேண்டியது ஓர் எண்.

அது என்ன எண் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். 1860 நவம்பர் 16-ஆம் தேதி 'ட்ரூரோ' கப்பல் சென்னையிலிருந்து ஒப்பந்த வேலைக்குப் போன 342 பேரோடு நேட்டாலின் டர்பன் துறைமுகம் போய்ச் சேர்ந்தது. 1911 ஜூலையில் 'உம்லாசி' கப்பலோடு இந்த ஆள் ஏற்றுமதி நின்றது. இடையில் போனவர்கள் 1,52,184 பேர்; ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சென்னைத் துறைமுகம் வழியாக, மீதி கல்கத்தா வழியாக. இறங்கிய ஒவ்வொருவருக்கும், கைக்குழந்தை உட்பட, 'காலனி எண்' ஒன்று கொடுத்தார்கள். சென்னைக் கப்பல், கல்கத்தாக் கப்பல் என்று பிரிக்காமல் ஒன்றிலிருந்து வரிசையாக ஓடும் எண் அது. அந்த மனிதர் கல்யாணத்தைப் பதிந்தாலும், முதலாளி மேல் புகார் கொடுத்தாலும், ஒப்பந்தம் முடிந்து விடுதலைச் சீட்டு வாங்கினாலும், செத்துப்போனாலும் குமாஸ்தா பெயருக்குப் பக்கத்தில் அந்த எண்ணைத்தான் எழுதினார். பெயர் நாலு காகிதத்தில் நாலு விதமாக இருக்கும். எண் மாறாது.

தேடும் முன் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள்: போனது நேட்டால்தானா? கிராமத்துப் பேச்சில் எல்லாக் கடல் கடந்த தேசமும் குழம்பிக் கிடக்கும். காலத்தை வைத்து ஓரளவு பிரிக்கலாம். நேட்டாலுக்கு 1860 முதல் 1866 வரை ஒரு கட்டம். பிறகு 1874 வரை கப்பலே இல்லை. 1874 முதல் 1911 வரை இரண்டாம் கட்டம். பிஜிக்கு சென்னையிலிருந்து ஆள் போனது 1903 முதல்தான். "பாண்டிச்சேரியில் கப்பலேறினார்", "காரைக்காலில் ஏறினார்" என்ற பேச்சு இருந்தால் ரியூனியன், குவாதலூப், மார்த்தினிக் பக்கம் யோசியுங்கள். சிலோன், மலாயா என்றால் கதையே வேறு. அவை பெரும்பாலும் கங்காணி வழிப் போக்குவரத்து. நேட்டால்போல ஆள்வாரியாக அங்க அடையாளம் எழுதிய பட்டியலை அங்கே எதிர்பார்க்க முடியாது. உங்கள் 1890-க்கும் "நட்டால்" என்ற சொல்லுக்கும் பொருத்தம் இருக்கிறது. ஆனால் "1890" என்பதை 1880-லிருந்து 1900 வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் சொல்லும் வருஷம் எப்போதும் தோராயம்தான்.

அடுத்து வீட்டு வேலை. கணினி முன் உட்காரும் முன் வயதானவர்களிடம் ஐந்து விஷயங்களைக் கேட்டு எழுதுங்கள்: அவருடைய அப்பா பெயர், வீட்டில் கூப்பிட்ட பெயர், கூடப் போனவர்கள் யார், மனைவி உண்டா, குலதெய்வம் எது. இதில் அப்பா பெயர் மிக முக்கியம், ஏனென்றால் பட்டியலில் அதற்குத் தனிக் கட்டம் உண்டு. கூப்பிட்ட பெயரும் தேவை. முனுசாமி என்று வீட்டில் எழுதப்பட்டவர் டிப்போ (கப்பலேறும் முன் ஆட்களைத் தங்கவைத்த முகாம்) குமாஸ்தாவிடம் "முனியன்" என்று சொல்லியிருப்பார். "சின்னு", "குள்ளன்" என்று பதிந்தவர்களும் உண்டு.

கப்பல் பட்டியலின் அசல் பதிவேடுகள் டர்பன் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அவற்றைப் பெயர்த்தெழுதிக் கணினியில் ஏற்றிய தரவுத் தொகுப்பை, குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் உள்ள காந்தி-லுத்துலி ஆவண மையம் வைத்திருக்கிறது. ஒரு வரியில் இருப்பவை: காலனி எண், கப்பல் பெயர், தேதி, ஆள் பெயர், தந்தை பெயர், வயது, ஆணா பெண்ணா, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், அங்க அடையாளம், எந்த முதலாளியிடம் அனுப்பப்பட்டார், பின்குறிப்பு. எல்லாக் கட்டமும் எல்லா வரியிலும் நிரம்பியிருக்காது.

தரவைக் கையில் எடுத்ததும் பெயரை மறந்துவிட்டு ஜில்லாவில் 'வட ஆற்காடு', தாலுகாவில் 'போளூர்' என்று வடிகட்டுங்கள். வருஷம் 1880–1900. சில ஆயிரம் வரி வந்தாலும் பயமில்லை. இப்போது கிராமக் கட்டத்தை அகரவரிசைப்படுத்திக் கண்ணால் ஓட்டுங்கள். தேடல் பெட்டியை நம்பாதீர்கள். ஊர்ப் பெயரை எழுதியவர் காதால் கேட்டு ஆங்கிலத்தில் எழுதினார், நூறு வருஷம் கழித்து அந்தக் கையெழுத்தைப் படித்து இன்னொருவர் தட்டச்சு செய்தார். இரண்டு இடத்திலும் சேதாரம். 'உ' ஒலிக்கு ஆங்கிலத்தில் இரண்டு 'ஓ' போட்டிருப்பார்கள். 'ழ' ஓரிடத்தில் 'எல்', வேறிடத்தில் 'ஆர்'. க, ப, த போன்ற வல்லின ஒலிகள் k–g, p–b, t–d என்று எப்படி வேண்டுமானாலும் புரண்டிருக்கும். "பாக்கம்" பாதி வெட்டுப்பட்டு "பாக்" என்று நிற்கும். கையெழுத்தில் 'என்'னும் 'யூ'வும் ஒன்றுபோலத் தெரியும். அதனால் உங்கள் ஊர்ப் பெயரை இந்தக் குளறுபடிகளோடு ஏழெட்டு விதமாக எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தேடுங்கள்.

ஒரு கற்பனை வரியைப் பாருங்கள்: "மூனியன், தந்தை சின்னன், 24, ஆண், நார்த் ஆர்காட், போலூர், கலசபாக், 64 அங்குலம், வலது முழங்காலில் தழும்பு." இதில் நம்பத்தக்கவை எவை? ஜில்லா, தாலுகா, தந்தை பெயர் மூன்றும் சேர்ந்து பொருந்தினால் வலுவான சாட்சி. வயது 24 என்பது 20-லிருந்து 30 வரை எதுவாகவும் இருக்கலாம், கண் மதிப்புதான். சாதிக் கட்டத்தில் "மலபார்" என்று இருந்தால் மலையாளி என்று தள்ளிவிடாதீர்கள்: அந்தக் காலச் சென்னை அலுவலக வழக்கில் அது தமிழரைக் குறித்தது. "ஜென்டூ" என்றால் தெலுங்கர். பிறகு இந்த வரிக்கு மேலும் கீழும் பத்து வரியைப் படியுங்கள். குடும்பமாகப் போனவர்களுக்கு அடுத்தடுத்த எண் விழும். ஒரே ஊரிலிருந்து சேர்ந்து போனவர்களும் அருகருகே வருவது உண்டு. வீட்டில் சொன்ன "கூடப் போன கோவிந்தன்" மூன்று வரி தள்ளி நின்றால், உங்கள் ஆள் அவர்தான் என்று ஏறக்குறைய முடிவு செய்யலாம். வெறும் பெயர்ப் பொருத்தத்தைவிட இது பல மடங்கு பலமானது.

கிராமம் பொருந்தாமல் போவதற்கு இன்னொரு காரணம் எல்லை மாற்றம். 1890-இன் வட ஆற்காடு இன்றைய வேலூர், ராணிப்பேட்டை, திருவண்ணாமலைப் பகுதிகளோடு, இப்போது ஆந்திராவில் இருக்கும் சித்தூர் பக்கத்தையும் சேர்த்தது, தலைநகரே சித்தூர்தான். 1911-இல்தான் சித்தூர் தனி ஜில்லா ஆனது. திருப்பத்தூர் அப்போது சேலம் ஜில்லா. உங்கள் போளூருக்கு இந்தச் சிக்கல் குறைவு. குடியாத்தம், திருத்தணிக்காரர்கள் இரண்டு மாநிலத்திலும் பார்க்க வேண்டும். இன்றைய வருவாய்க் கிராமப் பெயர்களுக்கு, பட்டா சிட்டா பார்க்கும் தமிழ்நாடு அரசு இணையதளத்தில் மாவட்டம், தாலுகா தேர்ந்தெடுத்தாலே முழுப் பட்டியல் விழும். அதை அச்செடுத்துக்கொண்டால் பாதி வேலை மிச்சம். குக்கிராமப் பெயர் அதில் வராது, தாய்க்கிராமத்தின் பெயர்தான் வரும்.

ஆள் அகப்படவே இல்லையா? பெயரையும் ஊரையும் மாற்றிச் சொல்லிக் கப்பலேறியவர்கள் உண்டு: கடன், குடும்பச் சண்டை, சாதிக்கு மீறிய காதல். அப்படியானால் இந்த வழி மூடியது. கீழே சொல்லும் மரபணு வழிதான் மிச்சம்.

எண் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முதலில் பின்குறிப்பைப் பாருங்கள். "இந்தியா திரும்பினார்" என்று தேதியோடு குறித்திருக்கலாம். ஐந்து வருஷ ஒப்பந்தம், பத்து வருஷம் அங்கே இருந்தால் இலவசத் திரும்பு பயணம் என்பது ஏற்பாடு. 1895-ஆம் வருஷச் சட்டம் ஒப்பந்தம் முடிந்தும் தங்குகிறவர்மேல் வருஷத்துக்கு 3 பவுண்டு வரி போட்டது; அதற்குப் பின் போனவர்களில் திரும்பியவர்கள் நிறைய. 1927 கேப்டவுன் உடன்படிக்கைக்குப் பிறகு, திரும்புகிற பெரியவருக்கு 20 பவுண்டு, குழந்தைக்கு 10 பவுண்டு என்று கொடுத்தும் அனுப்பினார்கள். திரும்பிய பலர் சொந்த ஊருக்குப் போகாமல் சென்னையிலேயே தங்கிவிட்டார்கள். டர்பனில் தேடுகிற வாரிசு வியாசர்பாடியில் இருக்கவும் வாய்ப்புண்டு.

திரும்பவில்லை என்றால் முதலாளி கட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ரயில்வேயா, டோங்காட், உம்சின்டோ பக்கத்துக் கரும்புத் தோட்டமா, டண்டீ நிலக்கரிச் சுரங்கமா என்பதைப் பொறுத்துத்தான் கல்யாணமும் மரணமும் எந்த மாவட்ட நீதிபதி அலுவலகத்தில் பதிவாகியிருக்கும் என்பது தெரியும். அடுத்த தலைமுறைக்கு மூன்று வகைக் காகிதம் உதவும். ஒன்று, இந்தியக் குடியேறிகள் பாதுகாவலர் அலுவலகம் வைத்திருந்த கல்யாணப் பதிவு. கணவன் மனைவி இருவரின் எண்ணும் இருக்கும். இரண்டு, பிறப்புப் பதிவு. நேட்டாலில் பிறந்த பிள்ளைகளுக்குத் தனிக் காலனி எண் கிடையாது, பெற்றோர் எண்ணின் கீழ் வருவார்கள். மூன்று, சொத்து நிர்வாகக் கோப்பில் உள்ள மரண அறிவிப்பு. இதுதான் தங்கச் சுரங்கம். இறந்தவரின் பெற்றோர், துணை, உயிரோடு உள்ள பிள்ளைகள் பெயர் எல்லாம் ஒரே தாளில். கோப்புத் தலைப்புகளை தென்னாப்பிரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணைய அட்டவணையில் தேடலாம். நேட்டால் கோப்புகளின் படங்கள் கணிசமாக 'ஃபேமிலிசர்ச்' என்ற வம்சாவளித் தேடல் தளத்தில் இலவசம். காணி, வீடு, கடை என்று ஏதாவது விட்டுச்சென்றவருக்கே கோப்பு இருக்கும் வாய்ப்பு அதிகம்.

இங்கே பலர் சறுக்குவது குடும்பப் பெயரில். நமக்கு இல்லாத 'சர்நேம்' அங்கே கட்டாயமானது. ஒரு பிள்ளை அப்பா பெயரைக் குடும்பப் பெயராக்கினான், தம்பி பட்டத்தை வைத்துக்கொண்டான். ஒரே வயிற்றுப் பிள்ளைகளுக்கு இரண்டு குடும்பப் பெயர். முனுசாமியின் மகன் "மூன்சாமி" ஆகி, அதுவே இன்றுவரை தொடரும். கவுண்டர் 'கோவெண்டர்', முதலி 'மூட்லி', பத்தர் 'பாதர்' ஆகியிருப்பார்கள். பட்டத்தைப் பார்த்துச் சாதியை முடிவு செய்யாதீர்கள்; கப்பலில் ஒன்றும் கரையில் ஒன்றும் சொன்னவர்கள் ஏராளம், அதில் தப்பும் இல்லை.

மரபணுச் சோதனை: உங்களுக்கும் முனுசாமியின் கொள்ளுப்பேரனுக்கும் உறவு, மூன்றாம் நிலைப் பங்காளி (ஆங்கிலத்தில் 'தேர்ட் கசின்'). சராசரியாக 0.8 சதவீதத்துக்கும் குறைவான பங்குதான் பொதுவாக இருக்கும். அதனால் உங்களுடையதைவிட, வீட்டில் உயிரோடு இருக்கும் மூத்த தலைமுறையின் எச்சிலைக் கொடுங்கள். ஒரு தலைமுறை மேலே போனால் பங்கு இரட்டிப்பாகும். அக்கா மகள், மாமன் மகள் கட்டும் வழக்கம் நம்மிடம் இருப்பதால் பொருத்தம் உண்மைக்கு மேல் ஊதித் தெரியும். சோதனை நிறுவனம் "இரண்டாம் நிலைப் பங்காளி" ('செகண்ட் கசின்') என்றால் ஒரு படி தள்ளியே எடுத்துக்கொள்ளுங்கள். நேர் ஆண்வழி இரு பக்கமும் அறுபடாமல் இருந்தால் ஒய்-குரோமோசோம் சோதனை இந்தச் சிக்கலைத் தாண்டும்.

கடைசியாக ஆளைத் தொடுவது. இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த 1950-இன் குழுப் பகுதிச் சட்டத்தால் டர்பன் இந்தியர்களைப் பெயர்த்துச் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பகுதிகளில் குடியமர்த்தினார்கள்; தேடும் குடும்பம் இன்று அங்கிருக்க வாய்ப்பு அதிகம். அங்குள்ள மாரியம்மன் கோயில் நிர்வாகிகளுக்கும், தென்னாப்பிரிக்க இந்திய வம்சாவளிக் குழுக்களுக்கும் எழுதுங்கள். ஆங்கிலத்தில் எழுதுங்கள், தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் அங்கே குறைவு. காலனி எண், கப்பல், ஊர், குலதெய்வம் நான்கும் முதல் பத்தியிலேயே வரட்டும். நீங்கள் பச்சையம்மன் கும்பிடுகிறவர்கள், அவர்களும் அதே சாமிக்குக் கூழ் ஊற்றுகிறார்கள் என்றால் மீதிச் சந்தேகம் அங்கேயே கரையும். இரண்டாம் பத்தியில், "சொத்துப் பேச்சுக்காக எழுதவில்லை" என்று ஒரு வரி போடுங்கள். இந்த மாதிரிக் கடிதத்துக்கு அங்கே முதலில் எழும் சந்தேகம் அதுதான். ஊரில் உள்ள உங்கள் பங்காளிகளிடமும் இதையே முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். வெளிநாட்டிலிருந்து ஒருவர் வந்து பட்டாவில் பங்கு கேட்பார் என்ற பயம் வந்துவிட்டால், குலதெய்வத்தின் பெயரைக்கூட வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்.