பூச்சிகளில் தாயும் தந்தையும் சேர்ந்து பிள்ளை வளர்ப்பவை உண்டா?

உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது, செத்த எலியை மண்ணில் புதைக்கும் வண்டு. பேரினத்தின் பெயர் நிக்ரோஃபோரஸ். சுமார் 70 இனங்கள் இருக்கின்றன. பிணம் தின்னி என்றதும் பலர் முகம் சுளிப்பார்கள். இதன் குடும்ப வாழ்க்கையைப் படித்தபின் என்னால் அப்படி முகம் சுளிக்க முடியவில்லை.

கறுத்த உடல், பல இனங்களில் முதுகில் ஆரஞ்சுப் பட்டைகள். உணர்கொம்பின் நுனி குண்டாக இருக்கும். அழுகத் தொடங்கும் உடலிலிருந்து வரும் கந்தக நாற்றத்தைத் தொலைவிலேயே பிடிப்பது அந்த நுனிதான். ஒரு சுண்டெலியோ சிறு பறவையோ செத்துக் கிடந்தால் பல வண்டுகள் வந்துவிடும். ஆணோடு ஆணும் பெண்ணோடு பெண்ணும் மோதும். பெரும்பாலும் உருவில் பெரியவை வெல்லும்.

வென்ற ஜோடி உடலுக்கு அடியில் மண்ணைப் பறித்துப் பறித்து அதை உள்ளே இறக்கும். மயிரையோ இறகையோ நீக்கி, உருட்டிப் பந்தாக்கும். வாயிலிருந்தும் ஆசனவாயிலிருந்தும் சுரக்கும் நீரை அதன்மேல் பூசும். நுண்ணுயிர்களைத் தடுக்கும் பொருள்கள் அதில் உண்டு. வண்டின் மேல் தொற்றிக்கொண்டு வரும் சிற்றுண்ணிகளும் இறங்கி ஈயின் முட்டைகளைத் தின்னும். ஈக்கள்தான் இந்தக் குடும்பத்துக்குப் பெரிய போட்டி.

பெண் முட்டையிடுவது பந்தின் மேல் அல்ல, பக்கத்து மண்ணில். பொரித்த புழுக்கள் தாமே ஊர்ந்து பந்துக்கு வரும். இனி நடப்பது பறவைக் கூட்டில் நடப்பது போலவே இருக்கும். பெற்றோர் நெருங்கினால் புழுக்கள் தலையை நிமிர்த்தி, கால்களை அசைத்து, வாயைத் தொட்டுக் கேட்கும். தாயும் தந்தையும் பாதி செரித்த இறைச்சியைக் கக்கி ஊட்டும்.

இரை எத்தனை புழுவுக்குப் போதுமோ அதற்கு மேல் வந்தால் பெற்றோரே சிலவற்றைத் தின்றுவிடும். முதலில் படித்தபோது மனம் ஒப்பவில்லை. ஆனால் எல்லாம் பிழைத்தால் எல்லாமே சவலையாகத்தான் வளரும். சிறுத்த வண்டு நாளைக்கு ஓர் எலிக்கான சண்டையில் தோற்கும்.

இவற்றில் அமெரிக்க இனம் 3.5 செ.மீ. வரை வளரும். ஒருகாலத்தில் அந்நாட்டின் 35 மாநிலங்களில் இருந்தது. தேய்ந்துபோய், 1989இல் அழியும் நிலையிலுள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. பெரிய வண்டு என்பதால் குஞ்சு வளர்க்கச் சுண்டெலி போதாது, அதைவிடப் பெரிய உடல் வேண்டும். அது கிடைப்பது குறைந்ததும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. 2020இல் பாதுகாப்பு நிலையை ஒருபடி தளர்த்தினார்கள். பழைய பரப்பில் சிறு பகுதியில் மட்டுமே அது எஞ்சியிருக்கும்போது, இந்தத் தளர்வு அவசரப்பட்டுச் செய்ததாகவே எனக்குப் படுகிறது.