ஃபார்மட் போடச் சம்மதிக்காதீர்கள்: நின்றுபோன மடிக்கணினியும் பாதி நாவலும்

கேள்வி: என் மடிக்கணினி ஆறு வருடப் பழையது. போன வாரம் எழுதிக்கொண்டிருக்கும்போதே திரை இருண்டுவிட்டது. இப்போது பவர் பட்டனை அழுத்தினால் விளக்கு எரிகிறது, ஃபேன் சுற்றும் சத்தம் கேட்கிறது, திரையில் மட்டும் ஒன்றும் வருவதில்லை. நாவலின் 17 அத்தியாயங்கள் அதற்குள் இருக்கின்றன. பென் டிரைவில் இருப்பது முதல் ஒன்பதுதான். கடையில் காட்டினேன். "ஃபார்மட் போட்டுப் பார்க்கலாம், டேட்டா இருக்கும்னு சொல்ல முடியாது" என்கிறார்கள். ஜனவரி புத்தகக் காட்சிக்குக் கொண்டுவரலாம் என்று பதிப்பாளரிடம் பேசியாகிவிட்டது. நாவலை மீட்க முடியுமா? அதுவரை எப்படி எழுதுவது? புதிதாகவே வாங்கிவிடட்டுமா?
— கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி

பதில்: ஃபார்மட் வேண்டாம் என்று கடைக்கு இப்போதே போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

நீங்கள் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால் நாவல் பத்திரமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஃபார்மட் என்பது விண்டோஸ் கெட்டுப்போனதற்கான வைத்தியம். ஆன் செய்ததும் கம்பெனி லோகோகூட வரவில்லை என்றால், விண்டோஸ் இன்னும் வேலையைத் தொடங்கவே இல்லை, அல்லது தொடங்கியும் திரையில் தெரியவில்லை என்று அர்த்தம். கோளாறு திரையிலோ, தற்காலிக நினைவகமான ராமிலோ, எல்லாப் பாகங்களையும் இணைக்கும் மதர்போர்டிலோ இருக்கலாம். நாவல் இருப்பதோ டிஸ்கில். டிஸ்கை அழித்தால் இந்த மூன்றில் எதுவும் சரியாகாது. கணினியைப் பழுது பார்ப்பது ஒரு வேலை, எழுத்தை வெளியே எடுப்பது வேறு வேலை. எழுத்து கைக்கு வரும்வரை முதல் வேலையை யாரும் தொட வேண்டாம்.

கணினியை வீட்டுக்கு வாங்கி வந்து, ஆன் செய்து, இரண்டு நிமிடம் விட்டு கேப்ஸ் லாக் விசையைத் தட்டிப் பாருங்கள். அதன் சின்ன விளக்கு ஒவ்வொரு தட்டலுக்கும் எரிந்து அணைந்தால் உள்ளே எல்லாம் ஓடிக்கொண்டிருக்கிறது, திரைதான் இருண்டிருக்கிறது. அறையை இருட்டாக்கி, போன் டார்ச்சைத் திரையில் சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாக எழுத்து தெரிந்தால் பின்விளக்கு மட்டும் போயிருக்கிறது. இரண்டில் எதுவாக இருந்தாலும் எச்டிஎம்ஐ கேபிளை வீட்டு டிவியில் செருகுங்கள். டிவியில் படம் வராவிட்டால் விண்டோஸ் விசையையும் பி-யையும் சேர்த்து அழுத்தி, கீழம்புக்குறியை ஒருமுறை தட்டி, என்டர் அடியுங்கள். வந்துவிட்டால் வேறு எதையும் பார்க்க வேண்டாம். பென் டிரைவைச் செருகி நாவல் இருக்கும் ஃபோல்டரை அப்படியே நகலெடுங்கள்.

கேப்ஸ் லாக் விளக்கு அசையவில்லையா? சார்ஜரைக் கழற்றி, பேட்டரி கழற்றக்கூடிய மாடலாக இருந்தால் அதையும் எடுத்துவிட்டு, பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். பிறகு சார்ஜரை மட்டும் மாட்டி ஆன் செய்யுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் ராமைக் கழற்றி மாட்டச் சொல்லுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் அதன் பித்தளை நிற முனைகளில் மெல்லிய படலம் படியும். கடைக்காரர் பென்சில் ரப்பரால் அந்த முனைகளை மெதுவாகத் தேய்த்துத் திரும்பச் செருகுவார். பார்க்க விளையாட்டாகத் தெரியும், ஆனால் செத்துவிட்டது என்று ஒதுக்கிய எத்தனையோ கணினிகள் இப்படி எழுந்திருக்கின்றன.

எதுவும் பலிக்கவில்லை என்றால் டிஸ்கைத் தனியாகக் கழற்ற வேண்டியதுதான். இதற்குக் கணினிக் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெரு வரை போக வேண்டியதில்லை. டிஸ்கை வைத்து யூஎஸ்பி வழியாக இன்னொரு கணினியில் செருகும் கேசிங் உங்கள் ஊரிலேயே சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். ஆறு வருடப் பழையது என்பதால் உள்ளே இரண்டரை அங்குல ஹார்ட் டிஸ்க் இருக்கலாம், சுழலும் தட்டு இல்லாத, சூயிங்கம் பட்டை போன்ற எஸ்எஸ்டி-யும் இருக்கலாம். இரண்டுக்கும் கேசிங் வேறு வேறு, ஆகவே டிஸ்கைக் கையில் வைத்துக்கொண்டு வாங்குங்கள். சில மாடல்களில் அது போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். அப்போது போர்டைச் சரிசெய்தால்தான் வழி.

செருகியதும் மூன்று விஷயங்கள் உங்களைப் பயமுறுத்தலாம். "இந்த டிஸ்கைப் பயன்படுத்த ஃபார்மட் செய்ய வேண்டும்" என்று ஒரு பெட்டி வந்தால் கேன்சல் அழுத்துங்கள். உங்கள் பெயருள்ள ஃபோல்டரைத் திறக்க அனுமதி இல்லை என்று வந்தால் கன்டினியூ கொடுத்துக் காத்திருங்கள், திறக்கும். மூன்றாவது பிட்லாக்கர், அதாவது டிஸ்குக்கு விண்டோஸ் போடும் பூட்டு. மைக்ரோசாஃப்ட் கணக்கு வைத்து உள்நுழைகிற பல கணினிகளில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கும், வேறு கணினியில் செருகினால் 48 இலக்கச் சாவி கேட்கும். பதற வேண்டாம். போனிலிருந்து அதே மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, உங்கள் சாதனங்களின் பட்டியலில் ரெகவரி கீ என்ற இடத்தைப் பாருங்கள். பெரும்பாலும் அங்கே இருக்கும்.

ஹார்ட் டிஸ்கிலிருந்து டக், டக் என்று சீராகச் சத்தம் வந்தால் மட்டும் உடனே பிடுங்கிவிடுங்கள். திரும்பத் திரும்ப ஆன் செய்து பார்க்கும் ஒவ்வொரு முறையும் சேதம் கூடும். அதைத் தூசியில்லாத அறை வைத்திருக்கும் டேட்டா மீட்பு நிலையத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும். செலவு ஆயிரக்கணக்கில் ஆகும், எட்டு அத்தியாயங்களுக்கு அது தகும் என்பதே என் கருத்து.

ஃபைல் கிடைத்தும் திறக்காமல் போகலாம். வேர்ட் ஃபைல் என்பது உண்மையில் ஒரு ஜிப் பெட்டி. நகல் ஒன்றை எடுத்து, பெயரின் கடைசியில் இருக்கும் டாக்எக்ஸ் என்பதை ஜிப் என்று மாற்றித் திறந்தால், உள்ளே வேர்ட் என்ற ஃபோல்டரில் டாக்குமென்ட் என்றொரு ஃபைல் இருக்கும். குறியீடுகளுக்கு நடுவே உங்கள் வாக்கியங்கள் அத்தனையும் அதில் கிடக்கும். கணினி அணைந்த அன்று சேமிக்காமல் விட்ட பக்கங்களுக்கும் வழி உண்டு. வேர்ட், யாரும் மாற்றாதவரை, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தானாக ஒரு பிரதி எடுக்கும். ஏஎஸ்டி என்று முடியும் ஃபைல்களைத் தேடச் சொல்லுங்கள். அவை மறைந்திருக்கும் ஃபோல்டரில் இருப்பதால் சாதாரணமாகக் கண்ணில் படாது.

பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடிப்பவராக இருந்தால் இன்னொன்று. வேறு கணினியில் திறக்கும்போது எல்லாம் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். ஃபைல் கெட்டுவிட்டது என்று அழித்துவிடாதீர்கள். எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று வரிசையாக நின்றால் அது பாமினியின் "அம்மா". எழுத்துருவை நிறுவினால் சரியாகிவிடும். அதோடு எழுத்துரு மாற்றி மென்பொருள் ஒன்றால் யூனிகோடு என்ற பொது எழுத்து முறைக்குக் கொண்டுவந்துவிடுங்கள், இனி எந்தக் கணினியிலும் போனிலும் திறக்கலாம்.

இதற்கிடையில் மெயிலின் அனுப்பிய பகுதியையும் வாட்ஸ்அப்பையும் துழாவுங்கள். படித்துப் பார்க்கச் சொல்லி யாருக்காவது ஒரு அத்தியாயம் அனுப்பியிருப்பீர்கள். அனுப்பியதை நாம் மறந்திருப்போம், அவர்கள் போனில் அது இருக்கும்.

சரி, எழுத்து. பத்து முதல் பதினேழு வரை இப்போது நினைவிலிருந்து திருப்பி எழுத உட்காராதீர்கள். டிஸ்கிலிருந்து மூலம் வந்துவிட்டால் ஒரே அத்தியாயத்துக்கு இரண்டு வடிவம் கையில் இருக்கும். இதில் ஒரு வரி நன்றாக இருக்கிறது, அதில் ஒரு வரி நன்றாக இருக்கிறது என்று இரண்டையும் ஒட்டப் பார்ப்பீர்கள். அது புதிதாக எழுதுவதைவிடப் பெரிய வதை. ஒரு நோட்டில் அத்தியாயத்துக்கு நாலைந்து வரி குறித்தால் போதும்: யார் யார் வருகிறார்கள், அவர்கள் வயது, எந்த மாதம், எந்தப் பேச்சில் முடிகிறது. டிஸ்க் கைவிட்டாலும் அந்தக் குறிப்பிலிருந்து கட்டி எழுப்பலாம். குறிப்பு முடிந்ததும் பதினெட்டைத் தொடங்கிவிடுங்கள்.

எதில் எழுதுவது என்பதற்காக நாளைத் தள்ளாதீர்கள். வீட்டில் யாருடைய கணினியாவது இருந்தால் பிரவுசரில் கூகுள் டாக்ஸ் போதும். விண்டோஸ் 11இல் தமிழ் 99 விசைப்பலகை கூடவே வருகிறது, செட்டிங்ஸில் தமிழைச் சேர்த்தால் போதும். போன் மட்டும்தான் என்றால் கூகுளின் விசைப்பலகையான ஜிபோர்டில் தமிழைச் சேர்த்து மைக்கைத் தொட்டுப் பேசலாம். உரையாடல்கள் அதிலே நன்றாகவே வரும், ஆனால் நிறுத்தற்குறிகளையும் சந்தியையும் பிறகு உட்கார்ந்து திருத்த வேண்டும். காகிதத்தில் எழுதினால் பக்க எண்ணும் தேதியும் போட்டு, அன்றன்றைக்குப் போனில் படம் எடுத்துவிடுங்கள்.

பதிப்பாளரிடம் இன்றைக்கே பேசுங்கள். கையில் இருக்கும் ஒன்பது அத்தியாயங்களை மெய்ப்புக்கு அனுப்பிவிட்டால் அவர்கள் பக்கம் வேலை நகர்ந்துகொண்டிருக்கும். நீங்கள் கேட்கப்போகும் கூடுதல் நாட்களை அதில் ஓரளவு ஈடுகட்டலாம்.

பிரதி எடுத்து வைப்பது பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். கூகுள் டிரைவில் 15 ஜிபி இலவசம், ஒரு முழு நாவல் சில எம்பி-க்கு மேல் போகாது. ஆனால் டிரைவோடு இணைந்த ஃபோல்டரில் நீங்கள் தவறி அழித்தால் அங்கேயும் அழிந்துபோகும், குப்பைத்தொட்டியில் 30 நாள்தான் இருக்கும். அதனால் வாரம் ஒருமுறை தேதியிட்ட ஒரு பிரதியைப் பென் டிரைவிலும் போட்டு, கணினிப் பையில் வைக்காமல் வேறு இடத்தில் வையுங்கள்.

புதிது வாங்குவதா? ராம், திரை, கேபிள் என்று முடிந்தால் பழையதையே சரிசெய்யுங்கள். உள்ளே ஹார்ட் டிஸ்க் இருந்தால் அதை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுங்கள், வேகம் கண்ணுக்கே தெரியும். மதர்போர்டு போயிருந்தால் ஆறு வருடக் கணினிக்குச் செலவழிப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். இன்னொரு கணக்கும் இருக்கிறது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. உங்களுடையது இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பிராசஸர் என்றால் முறைப்படி விண்டோஸ் 11க்கு மாற முடியாது, அப்போது புதிது வாங்குவதே சரி. பழையதை எக்ஸ்சேஞ்சில் கொடுப்பதாக இருந்தால் டிஸ்கைக் கழற்றி வைத்துக்கொண்டு கொடுங்கள், அதற்காக விலையில் கொஞ்சம் குறைத்தாலும் பரவாயில்லை.