பொம்பாக்காரர் மகளுக்குப் படிப்பு இலவசமா?

கேள்வி: டீச்சர், பொம்பாவில், அதாவது மலேசியத் தீயணைப்புத் துறையில், 30 வருடம் வேலை செய்து பென்சன் எடுத்துவிட்டேன். கடைசி மகள் ஆறாம் படிவம் படிக்கிறாள். அமெரிக்காவில் ஓய்வு பெற்ற தீயணைப்பு வீரர்களின் பிள்ளைகளுக்குக் கல்லூரிக் கட்டணம் இலவசமாமே, நமக்கும் அப்படி ஏதாவது உண்டா?
- ஒரு வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: ஐயா, அமெரிக்க மத்திய அரசு தரும் உதவி, பணியில் உயிரிழந்த அல்லது நிரந்தரமாக முடங்கிப்போன வீரர்களின் குடும்பத்துக்குத்தான். 1996-இல் மத்திய போலீஸ்காரர்களின் குடும்பங்களுக்காகத் தொடங்கி, 1998-இல் தீயணைப்பு வீரர்களையும் சேர்த்தார்கள். வெறுமனே ஓய்வு பெற்றவருக்கு அதில் இடமில்லை. அங்குள்ள மாநிலங்கள் தரும் சலுகைகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

ஓய்வு பெற்றவரை இப்படி விட்டுவிடுவது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை. 2018 அக்டோபர் 3 அன்று பூச்சோங்கில், பழைய சுரங்கக் குட்டையில் ஒரு பையனைத் தேடி இறங்கிய ஆறு பொம்பா வீரர்கள் உயிரோடு திரும்பவில்லை. அவர்கள் குடும்பத்துக்கு எவ்வளவு செய்தாலும் தகும். ஆனால் 30 வருடம் தீப்புகையைச் சுவாசித்துவிட்டு உயிரோடு வீடு வந்தவருக்கும் நாம் கடன்பட்டவர்கள்தானே? என் மாணவி ஒருத்தியின் அப்பா, ராத்திரி முழுக்கத் தீயணைத்துவிட்டு நேரே பள்ளிக்கு வந்து படிவத்தில் கையெழுத்துப் போட்டார். தாள் ஓரத்தில் அவர் கட்டைவிரல் கரி அப்படியே பதிந்திருந்தது.

சரி, இப்போது செய்ய வேண்டியது. பொம்பா பெயரில் சலுகை வருமென்று காத்திருக்காதீர்கள். அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் படிப்புச் செலவின் பெரும்பகுதியை அரசாங்கமே ஏற்கிறது. அந்த இடத்தைத்தான் மகள் பிடிக்க வேண்டும். மிச்சத்துக்கு பி.டி.பி.டி.என். என்ற அரசாங்க உயர்கல்விக் கடன் நிதியில் கடன் வாங்கலாம், ஆண்டுக்கு 1 விழுக்காடு கட்டணம். குறைந்த, நடுத்தர வருமானக் குடும்பத்துப் பிள்ளை முதல் வகுப்பில் பட்டம் வாங்கினால், மனுச் செய்து கடனையே தள்ளுபடி வாங்கலாம். 'பென்சன்காரர் பிள்ளைக்குத் தள்ளுபடி' என்று ஓர் ஏஜென்ட் சொன்னதை நம்பி, என் அண்ணன் 500 வெள்ளி பதிவுக் கட்டணம் கட்டினார். தள்ளுபடியும் வரவில்லை, பணமும் வரவில்லை. எழுத்தில் இல்லாத எதற்கும் காசு கொடுக்காதீர்கள்.

அப்புறம், அரசாங்கப் பல்கலைக்கழக இடத்துக்கான யூ.பி.யூ. விண்ணப்பத்தில் 90 விழுக்காடு தேர்வுப் புள்ளி, 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கை. மகள் பள்ளியில் கடெட் பொம்பா என்ற மாணவர் தீயணைப்புப் படையில் இருந்தாளா? இருந்திருந்தால் அந்தச் சான்றிதழ்களை இன்றைக்கே தேடி எடுத்து, நகலெடுத்து, ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள்.