கொடிமலைப் படங்கள் எல்லாம் பால் பூசியதுபோல் வருகின்றன

பினாங்கின் கொடிமலையில் (Penang Hill) எடுத்த படங்கள் மங்கலாக வருவதற்கு மூடுபனிதான் காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, உங்கள் லென்ஸ் கண்ணாடியில் ஈரம் படிந்திருக்கிறது. இரண்டு மீட்டரில் இருக்கும் கைப்பிடிக் கம்பிகூட மங்கலாக வருகிறது என்கிறீர்களே, மூடுபனியாக இருந்தால் தூரத்து மரங்கள்தான் மறையும்.

இரவெல்லாம் ஏர்கோன் அறை, பிறகு ஏர்கோன் கார். இப்படிக் குளிர்ந்த கேமராவை பினாங்கின் ஈரக்காற்றில் திறந்ததும் கண்ணாடி வியர்த்துவிடும்.

சோதனை: முன்கண்ணாடியை மைக்ரோஃபைபர் துணியால் துடைத்து, அதே கம்பியை எடுங்கள். தெளிந்து, ஒரு நிமிடத்தில் மறுபடி மங்கினால் காரணம் இதுதான். அந்த நேரத்தில் லென்ஸை மட்டும் கழற்றாதீர்கள். உள்ளே படத்தைப் பதிவுசெய்யும் சென்சார் மீதும் ஈரம் படியும்.

1. அறையிலேயே, கேமரா குளிர்ந்திருக்கும்போதே ஸிப் பையில் போட்டுக் காற்றை வெளியேற்றி மூடுங்கள்.
2. வெளியே வந்ததும் 20 முதல் 30 நிமிடம் பையைத் திறக்காதீர்கள். விடியல் ஒளி வேண்டுமென்றால் அதற்கேற்ப முன்னதாகக் கிளம்ப வேண்டும்.

ஈரம் போன பிறகும் படத்தில் மூடுபனி அழுக்குச் சாம்பலாக வந்தால், எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) +0.7 அல்லது +1 வையுங்கள். கேமராவின் ஒளி அளக்கும் மீட்டர் வெண்மையை இருட்டாக்கிவிடும்.

துடைத்தும் போகாமல், டார்ச் அடித்தால் உள்ளே சிலந்தி வலைபோல் இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. நீங்களே பிரிக்காமல் பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள்.