அம்மாவின் எலும்பு ஊசிக்காக டெபாசிட்டை உடைக்கலாமா?

கேள்வி: கும்பகோணத்தில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்காளராக இருக்கிறேன். வயது 42. பிடித்தம் போகக் கைக்கு வருவது மாதம் 68,000 ரூபாய். அம்மாவுக்கு 67 வயது. போன வருடம் மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தது, எலும்பிலும் பரவியிருக்கிறது. கீமோ முடிந்து இப்போது லெட்ரோசோல் என்ற ஹார்மோன் சிகிச்சை மாத்திரை சாப்பிடுகிறார். எலும்பைக் காக்க நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஜோலெட்ரானிக் ஆசிட் என்ற மருந்தை டிரிப்பில் ஏற்றுகிறார்கள். மருந்து 2,800, டே கேர் கட்டணம் 4,500, ஆக 7,300 ரூபாய். இனி அதே வேலைக்கான டெனோசுமாப் ஊசிக்கு மாறலாம் என்று டாக்டர் சொல்கிறார். அது ஒரு தடவைக்கு 16,000. "இது கீமோ இல்லை, துணை மருந்து" என்று இன்சூரன்ஸ் கம்பெனி கிளெய்மை நிராகரித்துவிட்டது. மூட்டு வலிக்காகக் குளுக்கோசமைன், கொலாஜன் பவுடர் என்று மாதம் 2,400 தனியாகப் போகிறது. அம்மா பெயரில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 14 லட்சம் இருக்கிறது. போட்டு இரண்டு வருடம் தாண்டிவிட்டது, வட்டி 8.2 சதவீதம். அதை எடுத்து மியூச்சுவல் ஃபண்டில் போட்டு மாதாமாதம் எடுத்துக்கொள்ளச் சொல்கிறார் என் மைத்துனர். செய்யலாமா? நோய்ச் சிகிச்சைச் செலவுக்கு வரிச் சலுகை தரும் 80டிடிபி பிரிவில் வரி மிச்சமாகுமா?

பதில்: டெபாசிட்டை உடைக்க வேண்டாம். காரணம் சொல்வதற்கு முன்னால் ஊசிக் கணக்கைப் பார்த்துவிடலாம். உங்கள் பிரச்சினை வட்டி விகிதத்தில் இல்லை, ஊசி அட்டவணையில் இருக்கிறது.

நான்கு வாரத்துக்கு ஒன்று என்றால் வருடத்துக்கு 13 ஊசி. ஜோலெட்ரானிக் ஆசிட் என்றால் 94,900 ரூபாய். டெனோசுமாப் என்றால் 2,08,000. அம்மாவின் 14 லட்சத்துக்கு வரும் வட்டி வருடத்துக்கு 1,14,800. அதாவது, பழைய ஊசியை வட்டியே தாங்கிவிடும். புதிய ஊசி வட்டியை முழுசாகத் தின்றுவிட்டு உங்கள் சம்பளத்திலிருந்தும் 93,200 கேட்கும். அதனால் டாக்டரிடம் கேட்க வேண்டியது இரண்டு விஷயம். நான் மருத்துவன் இல்லை. கேள்வியைத்தான் எழுதித் தர முடியும், முடிவு அவருடையது.

முதலாவது: "ஜோலெட்ரானிக் ஆசிட்டையே 12 வாரத்துக்கு ஒருமுறை போட்டால் போதுமா?" இது நானாகக் கிளப்பும் யோசனை அல்ல. புற்றுநோய் எலும்புக்குப் பரவிய 1,822 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2017-ல் வெளியானது. 4 வாரத்துக்கு ஒருமுறை போட்டவர்களையும் 12 வாரத்துக்கு ஒருமுறை போட்டவர்களையும் இரண்டு வருடம் கவனித்தார்கள். எலும்பு முறிவு போன்ற சிக்கல்களில், இடைவெளி விட்டுப் போட்டவர்கள் பின்தங்கிவிடவில்லை. அதற்குப் பிறகு பல டாக்டர்கள் இந்த இடைவெளிக்கு மாறினார்கள். அம்மாவின் நிலைக்கு இது பொருந்தும் என்று அவர் சொன்னால் வருடத்துக்கு நாலைந்து ஊசிதான். ஐந்து என்றே வைத்தாலும் 36,500. மூத்த குடிமக்கள் திட்டத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 28,700 வட்டி வருகிறது. ஊசியும் கிட்டத்தட்ட அதே கணக்கில் வந்து நிற்கும். தேதி கூட ஒத்துப்போகிறது பாருங்கள்.

இரண்டாவது: "டெனோசுமாபுக்கு மாற என்ன காரணம்?" நியாயமான காரணம் இருக்கலாம். ஜோலெட்ரானிக் ஆசிட் போடுவதற்கு முன் ரத்தத்தில் கிரியாட்டினின் அளவைப் பார்ப்பது சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று அறியத்தான். சிறுநீரகம் மிகவும் கெட்டிருந்தால் டெனோசுமாப்தான் வழி, அப்போது செலவைப் பார்க்கக் கூடாது. தோலுக்கடியில் போடும் ஊசி என்பதால் டிரிப்புக்காகக் கையில் நரம்பு தேடி அவஸ்தைப்படவும் வேண்டாம். மார்பகப் புற்றுநோயில் இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வில், எலும்புச் சிக்கலைத் தள்ளிப்போடுவதில் டெனோசுமாப் முன்னே நின்றது உண்மை. ஆனால் ஆயுள் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். சிறுநீரகம் நன்றாக இருந்து, "இது கொஞ்சம் புதுசு" என்பது மட்டுமே காரணம் என்றால், வருடம் ஒரு லட்சத்துக்கு மேல் கூடுதலாகச் செலவழிப்பது அவசியமா என்று அவரிடம் தயங்காமல் கேளுங்கள். நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பணம் சம்பந்தப்பட்ட இன்னொரு விஷயமும் இதில் இருக்கிறது. டெனோசுமாபைப் பாதியில் நிறுத்துவது லேசுப்பட்ட காரியம் இல்லை. எலும்புத் தேய்மானத்துக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை இதையே குறைந்த அளவில், 60 மில்லிகிராம் போடுவார்கள். அதை நிறுத்திய சிலருக்கு முதுகெலும்பில் அடுத்தடுத்து முறிவு வந்தது பதிவாகியிருக்கிறது. ஜோலெட்ரானிக் ஆசிட் எலும்பிலேயே நெடுநாள் தங்குவதால் அந்தத் தொல்லை குறைவு. ஆகவே, நான்கு மாதம் போட்டுவிட்டு, கையில் காசு இல்லை என்று ஐந்தாம் மாதம் விட்டுவிடும் நிலை வரக் கூடாது. ஆரம்பித்தால் தொடர்ந்து போட வழி இருக்கிறதா என்று பார்த்த பிறகே ஆரம்பியுங்கள்.

எந்த ஊசியானாலும் அம்மாவின் பல்லை ஒரு டாக்டரிடம் காட்டிவிடுங்கள். இரண்டு மருந்துமே தாடை எலும்பைப் பாதிக்கக்கூடியவை. ஊசி ஓடிக்கொண்டிருக்கும்போது பல் பிடுங்கினால் புண் ஆறாமல் மாதக்கணக்கில் இழுத்தடிக்கலாம். இப்போதே சுத்தம் செய்து அடைக்க வேண்டியதை அடைத்துவிட்டால் செலவு சில ஆயிரத்தோடு போகும்.

இனி மூட்டு வலி. என் பெரியம்மா வீட்டு அலமாரியிலும் இதே மாதிரி டப்பாக்கள் வரிசையாக இருக்கும். தீர்ந்ததும் அடுத்தது வந்துவிடும், வலி மட்டும் தீர்ந்தபாடில்லை. குளுக்கோசமைனை முழங்கால் வலிக்கு வைத்து அமெரிக்காவில் செய்த பெரிய ஆய்வு 2006-ல் வெளிவந்தது. மொத்தத்தில் வெற்று மாத்திரையைவிட அது சிறப்பாக ஒன்றும் செய்துவிடவில்லை. உங்கள் அம்மா விஷயத்தில் அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. லெட்ரோசோல் சாப்பிடும் பலருக்கு மூட்டு வலி அதன் பக்க விளைவாகவே வரும். விரல்கள், மணிக்கட்டு, முழங்கால் எல்லாம் காலையில் இறுக்கிப் பிடிக்கும். வலி எப்போது ஆரம்பித்தது என்று அம்மாவிடம் கேளுங்கள். மாத்திரைக்குப் பிறகுதான் என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள். அதே வகையில் வேறு மாத்திரைக்கு மாற்றிப் பார்ப்பதுண்டு. வலிக்குப் பயந்து அம்மா லெட்ரோசோலைத் தானாக நிறுத்திவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பவுடரை நிறுத்தலாம் என்று டாக்டர் சொன்னால் வருடத்துக்கு 28,800 ரூபாய் மிச்சம். கால்சியமும் வைட்டமின் டியும் வேறு கணக்கு. எலும்பு ஊசி போடுகிறவர்களுக்கு ரத்தத்தில் கால்சியம் இறங்கக்கூடும், அவை அவசியம்.

இன்சூரன்ஸுக்கு வருவோம். நிராகரிப்பை வாயால் கேட்டுக்கொண்டு வந்துவிடாதீர்கள். எந்த விதியின் கீழ் என்று எழுத்தில் வாங்குங்கள். பல பாலிசிகளில் கீமோ டே கேர் பட்டியலில் இருக்கும், எலும்பு ஊசியின் பெயர் இருக்காது. அந்த ஓட்டையில்தான் கிளெய்ம் விழுகிறது. எலும்புக்குப் பரவிய புற்றுநோய்க்கான சிகிச்சையின் பகுதியாகவே, மருத்துவமனையில் அனுமதித்து இது ஏற்றப்படுகிறது என்று டாக்டரிடம் கடிதம் வாங்கிக் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு அனுப்புங்கள். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் சென்னையில் புகார்களைத் தீர்த்துவைக்கும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் அலுவலகம் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். டெனோசுமாபுக்கே மாறினாலும் ஒரு பிடி உண்டு. அது மோனோகுளோனல் ஆன்டிபாடி வகை, அதாவது உடலில் ஒரு குறிப்பிட்ட புரதத்தை மட்டும் குறிவைக்கும் மருந்து. அந்த வகை ஊசியைப் பாலிசியிலிருந்து விலக்கக் கூடாது என்று 2019-லேயே இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ சொல்லிவிட்டது. தொகைக்கு உச்சவரம்பு வைத்திருக்கலாம், பாலிசியில் பாருங்கள்.

பலர் கோட்டை விடும் பணம் இன்னொன்று. ஏற்றுக்கொள்ளப்பட்ட ஒவ்வொரு கீமோ கிளெய்முக்குப் பிறகும் 60 அல்லது 90 நாளுக்கு மருந்து, ரத்தப் பரிசோதனைச் செலவுகளைக் கேட்கலாம். கீமோ சமயத்து வாந்தி மாத்திரை, வெள்ளணு ஏற்றும் ஊசி பில்கள் எல்லாம் கேட்டாயிற்றா? கெடு தாண்டவில்லை என்றால் இந்த வாரமே அனுப்புங்கள். பாலிசியைப் புதுப்பிக்க மட்டும் மறக்காதீர்கள். இந்த நோய்க்குப் பிறகு இன்னொரு பாலிசி கிடைப்பது குதிரைக்கொம்பு. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பிரீமியத்துக்கு ஜிஎஸ்டியும் இல்லை.

வரி விஷயம் சுருக்கமாக. உங்கள் சம்பளத்துக்குப் புதிய வருமான வரி முறையில் வரியே வராது, வருடத்துக்கு 12.75 லட்சம் வரை அப்படித்தான். 80டிடிபி பழைய முறைக்கு மட்டும். அந்தச் சலுகைக்காகப் பழைய முறைக்குத் தாவினால் இல்லாத வரியை இழுத்துவிட்டுக்கொள்வீர்கள். விடுங்கள்.

மைத்துனர் யோசனைக்கு வருவோம். மூத்த குடிமக்கள் திட்டத்தில் கொஞ்சமாக எடுக்க முடியாது, கணக்கையே மூட வேண்டும். இரண்டு வருடம் தாண்டியதால் அசலில் ஒரு சதவீதம், 14,000 ரூபாய் பிடிப்பார்கள். அப்புறம் அந்தப் பணத்தைச் சந்தையில் போட்டு மாதம் எடுத்தால், சந்தை சரிகிற மாதத்திலும் ஊசி போட்டே ஆக வேண்டும், யூனிட்டை விற்றே ஆக வேண்டும். மேலும், நாளைக்கு டாக்டர் வேறு மாத்திரை சேர்க்கக்கூடும். புற்றுநோய் வளர்ச்சியைத் தடுக்கும் பால்போசிக்லிப் போன்றவற்றின் விலை, 2023-ல் காப்புரிமை முடிந்து இந்தியக் கம்பெனிகள் தயாரிக்கத் தொடங்கிய பிறகு நன்றாக இறங்கியிருக்கிறது. ஆனாலும் அவை மாதாமாதச் செலவு. அந்த 14 லட்சம் அதற்காக அசையாமல் இருக்கட்டும்.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது, பவுடர் நின்றால் மிஞ்சும் பணத்தோடு உங்கள் சம்பளத்திலிருந்து இன்னும் கொஞ்சம் சேர்த்து, ஆறு மாத ஊசிச் செலவை அம்மாவின் சேமிப்புக் கணக்கில் நிறுத்திவைப்பது. மருந்தை ஜெனரிக் பெயரில் எழுதித் தரச் சொல்லி மக்கள் மருந்தகத்திலும், 2025 பிப்ரவரியில் தமிழக அரசு தொடங்கிய முதல்வர் மருந்தகத்திலும், ஊரில் உள்ள மொத்த விற்பனைக் கடையிலும் விலை கேளுங்கள். பெட்டியில் அச்சிட்ட விலைக்கும் கடைக்காரர் தரும் விலைக்கும் நடுவே எவ்வளவு இடம் என்று அப்போது தெரியும். வெளியே வாங்கிய மருந்தை ஏற்றுவார்களா என்று மருத்துவமனையில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்த தடவை போகும்போது பவுடர் டப்பாவையும் பையில் போட்டு எடுத்துப்போய் டாக்டர் மேசையில் வையுங்கள்.