வெள்ளிப்பட்டையும் முதுமையும்

அன்புள்ள ஐயா,

பழைய வால்வு ரேடியோ ஒன்றைச் சீர்செய்து வருகிறேன். அதிலுள்ள கார்பன் காம்போசிஷன் ரெசிஸ்டர்கள் பலவும் குறித்த மதிப்பைவிட 20, 30 சதவீதம் கூடுதலாகக் காட்டுகின்றன. ரெசிஸ்டரின் மேல் வெள்ளிப்பட்டை என்றால் அதன் மதிப்பு குறித்ததிலிருந்து 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டுமல்லவா? எல்லாவற்றையும் கழற்றிவிட்டு 1 சதவீத மெட்டல் ஃபிலிம் (உலோகப் படல) ரெசிஸ்டர்கள் போடலாமா? ஒலி மாறிவிடுமா?

அன்புள்ள நண்பருக்கு,

ஒலியைப் பற்றிய கவலை இப்போது வேண்டாம். 'இருக்க வேண்டுமல்லவா' என்று கேட்டிருக்கிறீர்களே, சில நாட்களாக நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

டாலரன்ஸ், அதாவது குறித்த மதிப்பிலிருந்து இவ்வளவு விலகலாம் என்ற அந்தச் சதவீதம், குழந்தை பிறந்த அன்று எடுத்த எடையைப் போன்றது. பிறகு அது எப்படி வளரும் என்பதற்கு அதில் பதில் இல்லை. கார்பன் தூளைப் பிசினோடு கலந்து அழுத்திய அந்த உருளை, ஈரத்தை உறிஞ்சியும் வெப்பத்தில் வெந்தும் காலப்போக்கில் பெரும்பாலும் மேல்நோக்கியே நகர்கிறது. மெட்டல் ஃபிலிமைப் போற்ற வேண்டியதும் அதன் 1 சதவீதத்துக்காக அல்ல, வாங்கிய மதிப்பிலேயே பல்லாண்டு நிற்பதற்காக. 20 சதவீத உறுப்புகளே தாராளமாகப் புழங்கிய காலத்தில் அந்தச் சுற்றை வரைந்தவர், பல இடங்களில் அந்தத் தளர்வுக்கு இடம்கொடுத்தே வரைந்திருப்பார்.

ஆகவே எல்லாவற்றையும் கழற்றுவேன் என்பது சீரமைப்பு அல்ல, பொறுமையின்மை. நான் தொழில் பழகிய இடத்தில் இருந்த பெரியவர், வால்வின் முனைகளில் மின்னழுத்தத்தை அளந்து எழுதும்வரை சால்டரிங் அயர்னைத் தொடவிடமாட்டார். வால்வின் ஆனோடு என்ற முனைக்குச் செல்லும் 220 கிலோ ஓம் ரெசிஸ்டர் 290 ஆகியிருந்தால் ஆனோடு மின்னழுத்தம் இறங்கியிருக்கும், அதை மாற்றுங்கள். ஸ்கிரீன் கிரிட் என்ற முனைக்குச் செல்வதையும், வெளியீட்டு வால்வின் கத்தோடு முனையிலுள்ள ரெசிஸ்டரையும் அவ்வாறே கண்டிப்போடு பாருங்கள். முன்நிலை வால்வின் 1 மெகா ஓம் கிரிட் ரெசிஸ்டர் 1.2 ஆனதற்காக அதைத் தொடாதீர்கள்.

மின்சாரத்தைத் துண்டித்து, கப்பாசிட்டர்களை வெறுமையாக்கிய பின் சுற்றில் வைத்தே ஓம் அளக்கலாம். இணையாக ஓடும் வேறு வழிகள் அளவைக் குறைத்தே காட்டும் என்பதால், அப்போதும் கூடுதலாகக் காட்டுவது உறுதியாக மாறியதுதான். சரியாகக் காட்டுவதை மட்டும் அதன் ஒரு காலைச் சுற்றிலிருந்து தூக்கி உறுதிசெய்யுங்கள். சால்டரிங் சூடே பழைய கார்பனின் மதிப்பை மாற்றிவிடும், ஆதலால் தேவையின்றித் தூக்காதீர்கள்.

புதியதைப் போடும்போது வாட்டை மட்டும் பார்ப்பது போதாது. கால் வாட் மெட்டல் ஃபிலிம் பலவற்றின் மின்னழுத்த வரம்பு 250 வோல்ட்தான். ஆனோடு வழியில் அதைவிடக் கூடுதல் வரம்புள்ளதையோ, பாதி மதிப்பில் இரண்டைத் தொடராகவோ போடுங்கள். முனை மின்னழுத்தங்களை அளந்து அனுப்புங்கள். எவை மாற வேண்டும் என்று சேர்ந்து முடிவுசெய்வோம்.